பின்புறப் புல்வெளி காலியிடம் இல்லை: துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பதிவாளர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

மார்ச் 25ஆம் தேதி காலை ஆறே முக்கால் மணிக்கு மாணவியர் விடுதிக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் ஜேசிபி இறங்கியது. அதற்கு ஒன்பது நாள் முன்பே, அங்கே தரையில் மூன்று பறவைக் கூடுகள் இருக்கின்றன, ஒரு மாதம் பொறுத்து வேலையைத் தொடங்குங்கள் என்று கேட்டு நாங்கள் பதினேழு பேர் கையெழுத்திட்ட மனுவைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்திருந்தோம். தபால் பிரிவின் முத்திரை விழுந்த நகல் என்னிடம் இருக்கிறது. மனுவுக்குப் பதில் வரவில்லை. வண்டிதான் வந்தது.

இப்போது ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. மே 4 முதல் பணி மீண்டும் தொடங்கும். மீதமிருக்கும் புல்வெளியும் சமன் செய்யப்படும். செயற்கைப் புல் விரித்த திடலும், சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதையும், நான்கு ஹைமாஸ் விளக்குகளும் அமையும். இதை ஈடுகட்ட, திடல் போக மிஞ்சும் இடத்தில் ஆயிரம் மரக்கன்றுகள் நடப்படும். மறு உத்தரவு வரும்வரை காலை எட்டு மணிக்கு முன் அந்தப் பக்கம் யாரும் நுழையக் கூடாது. இந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

நான் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஊழியர் குடியிருப்பில்தான் வீடு. விலங்கியல் படித்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணவர் இறந்த வருடம், விடியற்காலையில் தூக்கம் வராமல் நடக்கப் போனேன். அப்படித்தான் அந்தப் புல்வெளி எனக்குப் பழக்கமானது. முதலில் காதில் விழுந்த சத்தங்களுக்குப் பெயர் தெரியாது. பிறகு நூலகத்தில் பறவைகளைப் பற்றி இருந்த இரண்டே இரண்டு புத்தகங்களை எடுத்துப் படித்தேன். 2014லிருந்து புதன்கிழமைதோறும் மாணவர்கள் சிலரும் கூட வந்தார்கள். பொங்கல் நாள்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களில் நடக்கும் கணக்கெடுப்பிலும் தவறாமல் பங்கெடுக்கிறோம். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன பறவை, எத்தனை என்று எழுதிய நோட்டுகள் ஏழு சேர்ந்திருக்கின்றன. இங்கே நான் சொல்லும் எதுவும் அந்த நோட்டுகளில் இருப்பதுதான்.

மார்ச் 25 காலையில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். ஏனென்றால் "அங்கே கூடு எதுவும் இருந்ததாகத் தகவல் இல்லை" என்று பொறியியல் பிரிவிலிருந்து உங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மஞ்சள் மூக்கு ஆட்காட்டி என்று ஒரு பறவை. தலையில் கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் தொங்கும் மஞ்சள் சதை, நீண்ட மஞ்சள் கால். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறு எங்கும் கூடு கட்டாது. கூடு என்று நான் சொல்வதுகூட ஒரு பேச்சுக்குத்தான். காய்ந்த தரையில் நெஞ்சால் அழுத்திக் குழித்த ஒரு சிறு பள்ளம், அதைச் சுற்றிப் பொடிக்கற்கள், ஆட்டுப் புழுக்கை. அதில் நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி இருக்கும்படி. மண்ணின் நிறம், மண்ணில் கிடக்கும் கல்லின் புள்ளி. மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதற்குக் காப்பு. வெயில் ஏறியதும் பெட்டையும் ஆணும் மாறி மாறித் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். அடைகாத்துச் சூடேற்ற வேண்டிய முட்டையை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குளிரவைத்தும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இதை நான் ஒரு முறை இரண்டு முறை இல்லை, ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு வண்டி மேற்கு மூலையிலிருந்து கிளறிக்கொண்டு வந்தது. முதல் கூடு போனது எனக்குத் தெரியாது, நான் அங்கே போய்ச் சேருமுன் அது மண்ணுக்குள் போய்விட்டது. இரண்டாவது கூட்டுப் பறவை எழுந்து பறக்கவில்லை. இரண்டு இறக்கையையும் விரித்துத் தரையோடு பதிந்து, வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. ஆடு மாடு கூட்டை மிதிக்க வந்தால் அப்படித்தான் நிற்கும், ஆடு விலகிப் போகும். வண்டி ஓட்டிய தம்பி பார்த்துவிட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். நான் முட்டைகளைக் காட்டினேன். "யக்கா, இது எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டேன்" என்றார். அரை மணி நேரம் வேறு பக்கம் வேலை பார்த்தார். அதற்குள் ஒப்பந்ததாரரின் ஆள் வந்து, மணிக்கு இவ்வளவு வாடகை என்று கணக்குச் சொல்லி, அவரை மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தியபோது மூன்று கூடுகளில் ஒன்றும் இல்லை. இரண்டு ஜோடிகள் சாயங்காலம் வரைக்கும் கிளறிய மண்ணின் மேல் நடந்துகொண்டே இருந்தன.

அந்தத் தம்பியையோ, வாடகைக் கணக்குப் பார்த்தவரையோ நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் சொன்னோம். அதுதான் என் குறை.

பொறியியல் பிரிவில் போய்க் கேட்டபோது ஒரு பதில் கிடைத்தது. கோபமாக இல்லை, சமாதானமாகத்தான் சொன்னார்கள். "வெறும் புல்லுதானம்மா. அதுக்குப் பதிலா ஆயிரம் மரம் வைக்கிறோம்ல. பறவைக்கு நல்லதுதானே?"

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்த மடல் முழுவதும் பதில். மரம் என்றால் நல்லது, புல் என்றால் ஒன்றுமில்லாத இடம் என்று படித்தவர்களும் நம்புகிறோம். அரசாங்கக் கணக்கிலேயே இப்படிப்பட்ட நிலங்கள் தரிசு என்றுதான் எழுதப்பட்டு வருகின்றன. தரிசு என்றால் எதற்கும் ஆகாதது, யாராவது வந்து எதையாவது செய்தால்தான் பயன்படும் என்று அர்த்தமாகிவிடுகிறது. நம் புல்வெளி அப்படி இல்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து பத்து நாளில் அங்கே பச்சை கட்டும். கார்த்திகையில் ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் முழங்கால் உயரம் வரும். தத்துக்கிளிகள் பெருகும். அப்போதுதான் பூனைப்பருந்து வரும். மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கும் பருந்து அது. புல்லுக்கு மேல் ஆளுயரத்தில் இறக்கையை அசைக்காமல் மிதந்து, தத்துக்கிளியைப் பிடித்துத் தின்று, இரவில் புல்லுக்குள்ளேயே தரையில் படுத்துத் தூங்கும். மரத்தில் அடையாது. கடந்த ஆறு குளிர்காலங்களில் நான்கில் ஒற்றைப் பூனைப்பருந்து இங்கே வந்து சில வாரம் தங்கிப் போயிருக்கிறது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து நம் விடுதிக்குப் பின்னால் படுத்துத் தூங்குகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

தை மாதம் புல் பழுத்து விதை உதிரும். சில்லைகள் நூறு நூறாக வந்து இறங்கும். கம்பங்கதிர் வளையாத அளவுக்கு எடை குறைந்த குருவிகள் அவை. மாசி முடியும்போது புல் மடிந்து, இடையிடையே செம்மண் தெரிய ஆரம்பிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த இடம் வருடத்திலேயே மிக வெறுமையாகத் தெரிவது அப்போதுதான். அப்போதுதான் ஆட்காட்டி முட்டை வைக்கும். சாம்பல் தலை வானம்பாடி, நெட்டைக்காலி, புதர்க்காடுகளில் ஒண்டும் கௌதாரி எல்லாம் அந்தத் தரையில்தான் கூடு வைக்கும். உங்கள் பொறியாளர்கள் வந்து பார்த்து "காலியாக இருக்கிறது" என்று எழுதிப்போன பிப்ரவரிக் கடைசியில், அந்த இடம் பிரசவ வார்டு போல நிறைந்திருந்தது.

இந்தப் பறவைகளுக்கு மரம் வேண்டாம். வேண்டாம் என்பது மட்டுமில்லை, மரம் அவற்றுக்குக் கெடுதல். தரையில் கூடு வைக்கும் பறவைக்கு நாற்புறமும் தூரம் தெரிய வேண்டும். நடுவில் ஆளுயரத்துக்கு மரம் வளர்ந்தால் காகமும் வல்லூறும் அதில் உட்கார்ந்து முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். நிழல் விழுந்த இடத்தில் இந்தப் புற்கள் முளைக்காது. ஆயிரம் கன்றுகளுக்கு ஆயிரம் குழி வெட்டினால், ஜேசிபி விட்டுவைத்த இடத்தையும் நாமே கையால் அழித்தது போல ஆகும். மீனுக்குக் குளத்தைத் தூர்த்துவிட்டு அதன் மேல் பூங்கா போட்டுத் தருகிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மரங்களை நேசிக்காதவள் இல்லை நான். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆலும் வாகையும் வெட்டுப்படாமல் இருக்க 2018இல் அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆல் பழுக்கும் மாதத்தில் செம்மார்புக் குக்குறுவானும் மாங்குயிலும் அதில் நிறையும். அதே மரத்தடியில்தான் ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரைக்கும் தோட்டக்கள்ளன் தங்கும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் பறவை. ஒன்பது நிறம் என்பார்கள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், அதனால் ஆறுமணிக்குருவி என்றும் பெயர். அதை எனக்கு முதலில் காட்டித் தந்தது எந்தப் பேராசிரியரும் இல்லை, அங்கே பெருக்கும் அம்மாதான். "சருகுக்குள்ள கலர் கலரா ஒரு குருவி தத்துது பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். அது சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தின்னும். சருகு இல்லாவிட்டால் அதற்குச் சோறு இல்லை. சருகை அள்ளிக் கொளுத்தச் சொல்லி அந்த அம்மாவுக்கு மேஸ்திரி உத்தரவு போடுகிறார். ஒரு நாள் கொளுத்தாமல் விட்டதற்கு ஆஜர் போடவில்லை. பறவையைக் காட்டித் தந்தவர் கையாலேயே அதன் இரையைக் கொளுத்த வைக்கிறோம். இது எனக்கு ஆறவில்லை.

அச்சகக் கட்டடத்துக்குப் பின்னால் ஐந்து மொட்டைப் பனைகள் இருந்தன. போன ஆண்டு மூன்றை "ஆபத்து" என்று வெட்டினார்கள். விழுந்தால் சேதமாகக் கூடிய கட்டடமோ வழியோ அவற்றின் அருகில் இல்லை. பட்ட பனையின் பொந்தில்தான் பனங்காடை முட்டை வைக்கும், கிளி வைக்கும், புள்ளி ஆந்தை வைக்கும். பெயரிலேயே பனையை வைத்திருக்கும் பறவை அது. 2023 ஆகஸ்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையை உங்கள் மேசைக்கு அனுப்பியிருந்தேன், பார்த்தீர்களா தெரியாது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த குறிப்புகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை ஆராய்ந்து எழுதப்பட்டது. அதில் 178 வகைகள் உடனடிக் கவனம் வேண்டியவை என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. பரவலாகக் காணப்பட்டுவந்து இப்போது வேகமாகக் குறைந்துவரும் 14 வகைகளை உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். பனங்காடை அந்தப் பதினான்கில் ஒன்று. புல்வெளியை மட்டுமே நம்பி வாழும் பறவைகளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் சரிந்துவிட்டது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தந்திக்கம்பிதோறும் பனங்காடை உட்கார்ந்திருந்த சிறுவயது எனக்கு நினைவிருக்கிறது. என் பேத்திக்கு அதைக் காட்ட, மிஞ்சியிருக்கும் அந்த இரண்டு பனைக்குத்தான் கூட்டிப் போகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தரமதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன்பு, வளாகத்துப் பறவைப் பட்டியல் வேண்டும் என்று எங்களிடம் கேட்டீர்கள். மூன்று இரவு உட்கார்ந்து நோட்டுகளிலிருந்து எடுத்துத் தந்தோம். மாணவர்கள் எடுத்த படங்களையும் தந்தோம். பல்கலைக்கழகத்தின் தன்மதிப்பீட்டு அறிக்கையில் வளாகத்தின் பசுமை பற்றிய பக்கத்தில் அவை அச்சாகியிருக்கின்றன. அட்டைக்கு அடுத்த பக்கத்தில் முழுப்பக்கமாக வந்திருக்கும் படம் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. அது எடுக்கப்பட்ட இடம் மார்ச் 25 அன்று வண்டி கிளறிய இடத்திலிருந்து இருபது அடி. எங்கள் உழைப்பைப் பயன்படுத்திக்கொண்டதில் எங்களுக்குப் பெருமைதான். மதிப்பெண் வாங்கித் தந்த பறவைக்கு அது நிற்க இடம் விடுங்கள் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சட்டத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. மிரட்டுவதற்காக இல்லை, பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது என்பதற்காக. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் வரையறையிலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று இல்லை.

விடுதிப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை, பெண்பிள்ளைகள் ஓடியாட இடமில்லாமல் மொட்டைமாடியில் நடப்பதை நானும்தான் பார்க்கிறேன். கலையரங்கத்துக்குத் தெற்கே ஏற்கெனவே ஒரு திடல் இருக்கிறது. கம்பங்கள் துருப்பிடித்து, பழைய மேசை நாற்காலிகள் குவிந்து கிடக்கிறது. சமன் செய்த தரை, சுற்றுச்சுவர், தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கே உண்டு. விடுதியிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். அதைச் சீர்செய்ய ஆகும் செலவையும் புதிய திடலுக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டு யாராவது கணக்குப் போட்டார்களா என்று தகவல் கேட்டேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றார்கள்.

காலை எட்டு மணிக்கு முன் நுழையத் தடை என்ற பகுதிக்கு வருகிறேன். பறவை பார்ப்பவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு வரைதான் நேரம். எட்டுக்கு மேல் வெயில் ஏறிவிடும், பறவைகள் ஒடுங்கிவிடும். எங்களுக்கும் ஒன்பதரைக்கு வேலை, மாணவர்களுக்கு வகுப்பு. ஆகவே இந்தத் தடை எங்களைத் தவிர வேறு யாரையும் தொடவில்லை. மார்ச் 25க்குப் பிறகு வந்த தடை என்பதால், நடப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று போட்டதாக மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்க விரும்பவில்லை. காரணத்தை நீங்கள் சொன்னால் நம்புவேன்.

பாதுகாப்பு என்பது காரணமானால், அங்கே இரவுக்காவல் பார்க்கும் தம்பி சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். தடை உத்தரவைக் காட்டி என்னைத் தடுத்தவர் அவர்தான், தடுத்துவிட்டு வருத்தப்பட்டவரும் அவர்தான். "அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு எவனாவது வேலி தாண்டுனா எங்களுக்கு முன்னாடி அந்த ஆள்காட்டிதான் கத்தும். அது கத்துன பக்கம் டார்ச் அடிப்போம். இப்ப மூணு வாரமா அந்தப் பக்கம் சத்தமே இல்ல" என்றார். ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால்தானே அதற்கு ஆட்காட்டி என்று பெயர்? வழிப்போக்கருக்கு ஆள் நடமாட்டத்தை அறிவிக்கும் நெடுங்கால் கணந்துள் பறவை குறுந்தொகையில் வருகிறது. அது இந்த ஆட்காட்டிதான் என்று கருதுவோர் உண்டு. இந்த வளாகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. அந்தப் பாட்டைப் பாடம் நடத்தும் வகுப்பறையின் சன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் புல்வெளி தெரியும்.

புதன்கிழமை வரும் மாணவர்களில் வணிகவியல் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். யாருடனும் பேச மாட்டாள். ஒரு நாள் சாம்பல் தலை வானம்பாடி ஆண் ஒன்று நெட்டுக்குத்தாக மேலே ஏறி, இறக்கையை மடித்துக் கல் விழுவது போல விழுந்து, தரைக்குச் சற்று மேலே நிமிர்ந்து மறுபடி ஏறியது. விழும்போது நீளமாக ஒரு சீழ்க்கை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது தினமும் இங்கே நடக்குதாம்மா? என் ரூம் சன்னலுக்கு நேரா?" என்றாள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஒரு புதன்கூட விடவில்லை. இப்போது தன் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பறவை எண்ண வைக்கிறாள். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினாள். வண்டி வந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

மற்ற இடங்களில் முடிகிறது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தன் வளாகத்தின் புதர்க்காட்டைப் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாகவே வைத்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பக்கத்து வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளின் ஆசையையே அடக்கிக்கொள்கிறார்கள். நாங்கள் கேட்டது ஒரு மாதத் தாமதம். ஐதராபாத்தில் 2025இல் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியில் மரங்கள் சாய்க்கப்பட்டபோது மாணவர்கள் தெருவில் இறங்கி, ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றமே வேலையை நிறுத்த வேண்டி வந்தது. நம் வளாகத்தில் அந்த நிலை வர வேண்டாம். உங்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியும் என்று நம்புவதால்தான் முதலில் மனு கொடுத்தோம், இப்போது மடல் எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பவை இவை.

மீதிப் புல்வெளியில் திடல் போடும் முடிவைக் கைவிட்டு, கலையரங்கத்துக்குத் தெற்கே உள்ள திடலைப் பெண்பிள்ளைகளுக்காகச் சீர்செய்து தாருங்கள். அதற்கான மதிப்பீட்டை ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் வையுங்கள். அந்தக் கூட்டத்தில் மாணவியர் விடுதிப் பிரதிநிதி ஒருவரும் எங்களில் ஒருவரும் பேச அனுமதி வேண்டும்.

ஆயிரம் கன்றுகளைப் புல்வெளியில் நட வேண்டாம். நட வேண்டும் என்றால் முதன்மை வாயிலிலிருந்து நிர்வாகக் கட்டடம் வரை நிழலே இல்லாத சாலையின் இரு பக்கமும் நடுங்கள். வேம்பும் புங்கையும் இலுப்பையும் நடுங்கள். குழி வெட்டவும் தண்ணீர் ஊற்றவும் நாங்கள் வருகிறோம்.

கிளறிய பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். மண் கொட்டி மூட வேண்டாம், லாரி நிறுத்தவும் வேண்டாம். மழை வந்தால் பக்கத்துப் புல்லின் விதை அங்கே தானே ஏறும். வேலி போட்டு நிறுத்திய ஆட்டுக்காரப் பெரியவரை மறுபடி உள்ளே விடுங்கள். அவர் ஆடுகள் அளவாக மேய்ந்ததால்தான் இத்தனை காலம் அங்கே புதர் மண்டாமல் இருந்தது. பிப்ரவரி முதல் ஜூன் முடிய எந்த இயந்திரமும் அங்கே இறங்கக் கூடாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். புல் அறுத்தே ஆக வேண்டும் என்றால் விதை உதிர்ந்த பிறகு, கையால், ஒரு தடவைக்கு ஒரு பகுதியாக அறுக்கலாம். எந்தப் பகுதி என்று கேட்டால் காட்டுகிறோம்.

ஆலமரத்தடிச் சருகைக் கொளுத்துவதை நிறுத்துங்கள். வழியில் விழுவதைப் பெருக்கி மரத்தடியிலேயே ஒதுக்கினால் போதும். கொளுத்தாததற்காக யாருடைய ஆஜரையும் வெட்டக் கூடாது, வெட்டிய நாளுக்கு அந்த அம்மாவுக்குக் கூலி தர வேண்டும். அச்சகத்துக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் இரண்டு மொட்டைப் பனைகளைத் தொட வேண்டாம். காலைத் தடையை நீக்குங்கள். காவலரிடம் ஒரு பதிவேடு வைத்தால் வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போகிறோம்.

இவற்றுக்கெல்லாம் மே இறுதிக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறோம்.

ஒன்று மட்டும் மே இறுதி வரை காத்திருக்க முடியாது. கூடு இழந்த ஜோடிகளில் ஒன்று மறுபடி முட்டை வைத்திருக்கிறது. வண்டி கிளறாத கிழக்கு ஓரத்தில், பழைய தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாற்பது தப்படி. சித்திரை முதல் நாள் காலையில் நான்காவது முட்டையைப் பார்த்தேன். நான்கு வாரக் கணக்கில் மே 12 வாக்கில் குஞ்சு வரும். பொரித்த அன்றே குஞ்சுகள் எழுந்து தாயின் பின்னால் நடந்துவிடும், பிறகு கூட்டுக்குத் திரும்பாது. மே 4ஆம் தேதி வண்டி வந்தால் இன்னும் எட்டு நாள் மிச்சமிருக்கும்போது வரும். மே 4 பணியை நிறுத்திவைக்கும் ஆணை ஒப்பந்ததாரர் கைக்கு மே 2 மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அதன் நகல் ஒன்று இரவுக்காவல் தம்பியிடமும் இருக்க வேண்டும், அன்றைக்கு வண்டி வந்தால் வாயிலில் காட்டி நிறுத்த.

இப்படிக்கு,
நூலக உதவியாளர்,
புதன்கிழமைப் பறவை நோக்கர்கள் சார்பாக